உயரம் குறைக்கப்பட்ட மகிழுந்துக்கான டயர் அளவு

உயரம் குறைக்கப்பட்ட மகிழுந்துக்கான டயர் அளவு என்பது, தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட உயரத்தைவிடத் தரைக்கு அருகில் இருக்கும்படி மாற்றப்பட்ட ஒரு மகிழுந்துக்குப் பொருத்தமான டயரின் விட்டம், அகலம், ரிம் அளவு, சுமைத் திறன் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் முறை ஆகும். உயரம் குறைத்த வண்டிக்குச் சிறிய டயர் வேண்டும் என்பது பரவலான எண்ணம். பெரும்பாலான வண்டிகளில் இது தவறு. டயரின் மொத்த விட்டத்தை மாற்றாமல் வைத்திருப்பதும், அகலத்தையும் ரிம்மின் இருப்பிடத்தையும் கவனிப்பதுமே சரியான வழி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கணக்குகள் எளியவை; பள்ளிக் கணிதம் போதும்.

வட சென்னையும் டயரும்

இந்தியாவின் டயர்த் தொழில் வரலாற்றில் திருவொற்றியூருக்குத் தனி இடம் உண்டு. கே. எம். மாம்மென் மாப்பிள்ளை 1946 ஆம் ஆண்டு திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். அந்நிறுவனம் 1952 இல் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கப் பயன்படும் ரப்பரைச் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் 1961 இல் திருவொற்றியூரிலேயே டயர் உற்பத்தியைத் தொடங்கியது. மெட்ராஸ் ரப்பர் பேக்டரி என்பதன் சுருக்கமே எம்.ஆர்.எப். ஆகும். பலூன் கொட்டகை தொடங்கிய அதே 1946 ஆம் ஆண்டில்தான் பிரான்சு நாட்டின் மிச்செலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

இதே பகுதியில் எண்ணூரில் அசோக் லேலண்ட் சரக்குந்துத் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் 1955 இல் தொடங்கப்பட்ட என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அமைந்தன. இங்கிருந்து வடமேற்கே, செங்குன்றத்தை அடுத்துள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953 இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் பல ஆண்டுகள் அந்த ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாதாரணச் சாலை வண்டிகளே அங்கு பந்தய வண்டிகளாகவும் ஓடின. பின்னர் 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. விமான ஓடுதளம் தட்டையானது. அதில் வேகத்தடையோ பள்ளமோ கிடையாது. அங்கு பொருந்தும் உயரம் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பொருந்துமா என்பதே இன்றைய உரிமையாளர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி.

டயர் அளவுக் குறியீடு

அக்கால வண்டிகளின் டயர்கள் இரண்டே எண்களால் குறிக்கப்பட்டன. அம்பாசடருக்கு 5.90-15, பிரீமியர் பத்மினிக்கு 5.20-14, ஹெரால்டுக்கு 5.20-13 என்பன அளவுகள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். பக்கச்சுவரின் உயரம் குறியீட்டில் இல்லை. அகலம் தெரிந்தால் உயரமும் ஏறக்குறைய தெரிந்துவிடும் என்ற நிலை அப்போது இருந்ததே காரணம்.

இன்றைய குறியீட்டில் மூன்று அளவுகள் உள்ளன. எடுத்துக்காட்டாக, 165/80 ஆர் 14 என்பதில் 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல். 14 என்பது அங்குலத்தில் ரிம் விட்டம். இவ்வாறு ஒரே எழுத்துத் தொடரில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்திருப்பது பொறியியலில் அரிதாகக் காணப்படும் அலங்கோலம். ஆயினும் உலகம் முழுவதும் இதுவே வழக்கில் உள்ளது.

மொத்த விட்டத்தைக் காணும் முறை பின்வருமாறு. பக்கச்சுவர் உயரம் = 165 × 0.80 = 132 மி.மீ. இது ரிம்மின் மேலும் கீழும் வருவதால் 264 மி.மீ. ரிம் விட்டம் 14 × 25.4 = 355.6 மி.மீ. கூட்டினால் 619.6 மி.மீ.

குறியீட்டைத் தொடர்ந்து வரும் "85 டி" போன்ற எண்ணும் எழுத்தும் சுமையையும் வேகத்தையும் குறிக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கி.கி. தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை, எச் என்றால் 210 கி.மீ.

உயரம் குறைத்தலின் இயல்பு

உயரத்தை இரு வழிகளில் குறைக்கலாம். சஸ்பென்ஷன் எனப்படும் தொங்கலமைப்பின் சுருள்வில்லைக் குட்டையாக்குவது ஒன்று. சிறிய விட்டமுள்ள டயரைப் பொருத்துவது மற்றொன்று. இரண்டும் ஒன்றல்ல. சுருள்வில்லைக் குறைத்தால் வண்டியின் உடல் மட்டும் கீழே வருகிறது. அச்சின் உயரம் மாறுவதில்லை. டயரைச் சிறிதாக்கினால் அச்சு, கீழ்க்கை, உடல் ஆகிய அனைத்தும் கீழே வருகின்றன. மேலும் விட்டத்தில் 20 மி.மீ. குறைத்தால் உயரத்தில் 10 மி.மீ. மட்டுமே குறையும்.

உயரம் குறைப்பதால் கிடைக்கும் பயன் எவ்வளவு? ஒரு டன் எடையும், 1.47 மீ. சக்கர இடைத்தொலைவும், 0.55 மீ. உயரத்தில் புவியீர்ப்பு மையமும் கொண்ட வண்டி, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு பக்கவாட்டு முடுக்கத்துடன் திரும்புவதாகக் கொள்வோம். உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் சுமை 1000 × 0.6 × 0.55 ÷ 1.47, அதாவது ஏறத்தாழ 224 கி.கி. ஆகும். உயரத்தை 30 மி.மீ. குறைத்தால் இது 212 கி.கி. ஆகிறது. இது ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றே மேல். பந்தயத்தில் இது பெரிது. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குச் செல்பவருக்கு இது உணரவே படாது. தோற்றத்துக்காகவே பெரும்பாலானோர் உயரம் குறைக்கின்றனர் என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

குறைந்த செலவில் உயரம் குறைக்கச் சுருள்வில்லின் ஒரு சுற்றை வெட்டும் வழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. வில்லின் விறைப்பு அதன் செயற்படு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் எஞ்சியது 20 விழுக்காடு விறைப்பாகும். பழைய ஷாக் அப்சர்பர் இந்த விறைப்புக்கேற்ப அமைக்கப்பட்டதன்று. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமர்வதுமில்லை. பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது வில் இடம்பெயரக்கூடும். இவ்வாறு செய்த வண்டிக்கு எந்த டயர் பொருத்தம் என்று கேட்பதே முறையன்று. முதலில் வில்லை மாற்ற வேண்டும்.

விட்டம் ஏன் மாறக்கூடாது

உயரம் குறைந்ததும் டயருக்கும் சக்கர மேல்வளைவுக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. எனவே டயர் உரசும் என்று அஞ்சிச் சிறிய டயரைத் தேடுகின்றனர். ஆனால் சக்கரம் எவ்வளவு மேலே ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது வில் அன்று. பம்ப் ஸ்டாப் எனப்படும் தடுப்பு ரப்பர். தொழிற்சாலையில் பொருத்திய டயர், தடுப்பு ரப்பர் முழுதும் நசுங்கிய நிலையிலும் உரசாதவாறே வண்டி வடிவமைக்கப்படுகிறது. அந்த ரப்பரை வெட்டாமல் விட்டால், உயரம் குறைத்த பின்னரும் சக்கரம் அதே எல்லையில்தான் நிற்கும். அந்த எல்லையை அடிக்கடி எட்டும் என்பதே வேறுபாடு. ஆகவே அதே விட்டமும் அதே அகலமும் உள்ள டயர் புதிதாக எங்கும் உரசக் காரணமில்லை. உரசல் ஏற்பட்டால் தடுப்பு ரப்பர் வெட்டப்பட்டிருக்கும், அல்லது ரிம் வெளியே தள்ளியிருக்கும், அல்லது டயர் அகலமாகியிருக்கும்.

விட்டம் மாறினால் வேகமானியும் பிழையாகும். 165/80 ஆர் 14 இருந்த வண்டியில் 175/65 ஆர் 14 பொருத்தினால் விட்டம் 583.1 மி.மீ. ஆகும், இது 5.9 விழுக்காடு குறைவு. முன்பு சரியாக 100 கி.மீ. காட்டிய வேகமானி இப்போது 100 காட்டும்போது உண்மை வேகம் 94 கி.மீ. மட்டுமே. பயணத் தொலைவும் கூடுதலாகப் பதிவாகும். வண்டியின் உயரம் குறைந்ததோ 18 மி.மீ. தான். மாறாக 195/65 ஆர் 15 பொருத்தினால் விட்டம் 634.5 மி.மீ.; அப்போது வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கும். ஐக்கிய நாடுகள் அவையின் 39 ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, வேகமானி ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது. பத்து விழுக்காட்டுடன் 4 கி.மீ. வரை கூட்டிக் காட்டலாம். இதனால் பெரும்பாலான வேகமானிகள் சற்றுக் கூட்டியே காட்டுகின்றன. விட்ட வேறுபாடு மூன்று விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்ற பொது விதியில் பெரிய டயரின் பக்கம் சற்றுக் கண்டிப்பு தேவைப்படுவதும் இதனாலேயே.

விட்டத்தை மாற்றாமல் ரிம்மைப் பெரிதாக்குவதற்கு மாருதி சுவிப்ட் நல்ல எடுத்துக்காட்டு. 2005 இல் வந்த அவ்வண்டியின் அடிப்படை வகைகளுக்கு 165/80 ஆர் 14, உயர்வகைக்கு 185/70 ஆர் 14 டயர்களை நிறுவனமே பொருத்தியது. 2011 இல் வந்த இரண்டாம் தலைமுறையின் உயர்வகைக்கு 185/65 ஆர் 15 வந்தது. சந்தையில் மேலும் இரு அளவுகள் இதற்கு நாடப்படுகின்றன.

165/80 ஆர் 14: விட்டம் 619.6 மி.மீ., பக்கச்சுவர் 132 மி.மீ.
185/70 ஆர் 14: விட்டம் 614.6 மி.மீ., பக்கச்சுவர் 129.5 மி.மீ.
185/65 ஆர் 15: விட்டம் 621.5 மி.மீ., பக்கச்சுவர் 120 மி.மீ.
195/55 ஆர் 16: விட்டம் 620.9 மி.மீ., பக்கச்சுவர் 107 மி.மீ.
205/45 ஆர் 17: விட்டம் 616.3 மி.மீ., பக்கச்சுவர் 92 மி.மீ.

ஐந்து அளவுகளும் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குகின்றன. மாறுவது பக்கச்சுவர் மட்டுமே. அதாவது காற்றும் ரப்பரும் இருந்த 40 மி.மீ. இடத்தில் உலோகம் வந்து அமர்கிறது.

அகலமும் ரிம்மின் இருப்பிடமும்

உரசலுக்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் இங்குதான் உள்ளது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது அச்சுத்தலையில் அமரும் பரப்புக்கும் உள்ள தொலைவு ஆப்செட் எனப்படும். இதைத் தமிழில் விலக்கம் எனலாம். இது ரிம்மின் உட்புறத்தில் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். விலக்கம் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும்.

எடுத்துக்காட்டாக, 5.5 அங்குல அகலமும் 45 மி.மீ. விலக்கமும் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு, 7 அங்குல அகலமும் 38 மி.மீ. விலக்கமும் உள்ள அலாய் வீலைப் பொருத்துவதாகக் கொள்வோம். பழைய ரிம்மின் அரை அகலம் 69.85 மி.மீ.; வெளி விளிம்பு அமரும் பரப்பிலிருந்து 24.85 மி.மீ. வெளியே உள்ளது. புதியதன் அரை அகலம் 88.9, வெளி விளிம்பு 50.9 மி.மீ. வெளியே உள்ளது. ஆக 26 மி.மீ. வெளியே தள்ளுகிறது. உட்புறத்தில் முன்பு 114.85, இப்போது 126.9; அதாவது 12 மி.மீ. உள்ளேயும் நெருங்குகிறது. வெளியே மேல்வளைவின் மடிப்பிலும், உள்ளே ஷாக் அப்சர்பரிலும் உரச வாய்ப்புள்ளது. நேராக நிற்கும் வண்டியில் இது தெரியாது. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பியும், பின்னிருக்கையில் மூவரை அமர்த்தியும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் உண்டு. இந்தியாவில் இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு இவ்வளவுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. 185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குலம், 195/55 ஆர் 16 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம், 205/45 ஆர் 17 டயருக்கு 6.5 முதல் 7.5 அங்குலம் வரை பொருந்தும். சிலர் குறுகிய டயரை மிக அகலமான ரிம்மில் இழுத்துப் பொருத்துகின்றனர். தோற்றம் கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் திருப்பத்திலோ பள்ளத்திலோ டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவினால் காற்று ஒரே நொடியில் வெளியேறிவிடும். இதைச் செய்யக்கூடாது.

உயரம் குறைந்ததும் சக்கரங்களின் மேற்பகுதி உட்சாய்வதும், முன்சக்கரங்களின் திசைக்கோணம் மாறுவதும் இயல்பு. எனவே வில்லை மாற்றிய பின் வீல் அலைன்மெண்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதிதாகவே தெரியும்.

சுமைத் திறன்

பெரிய ரிம், அகலமான டயர் என்றதும் அதிகச் சுமை தாங்கும் என எண்ணுவது இயல்பு. மேற்கண்ட அளவுகளில் 165/80 ஆர் 14 டயரின் சுமை எண் 85. அதாவது 515 கி.கி. ஆனால் 205/45 ஆர் 17 டயரின் சாதாரண வகையின் சுமை எண் 84. அதாவது 500 கி.கி. விலை கூடியது, அகலம் கூடியது, சுமைத் திறன் குறைந்தது. சுமை தாங்குவது முதன்மையாக டயருக்குள் அடைபட்ட காற்றே. பக்கச்சுவர் குறைந்தால் காற்றின் கன அளவும் குறைகிறது. இவ்வளவில் எக்ஸ்.எல். எனக் குறிக்கப்பட்ட வலுவூட்டிய வகை 88 என்ற சுமை எண்ணைக் கொண்டது (560 கி.கி.). ஆனால் அதன் முழுத் திறனைப் பெற அதிகக் காற்றழுத்தம் வேண்டும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அழுத்த அட்டவணை பழைய அளவுக்கானது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

துறைமுகச் சாலைகளில் தரை இடைவெளி

எண்ணூர் விரைவுச்சாலை, மணலிச் சாலை, ராயபுரத்தில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை அடுத்த சாலைகள் ஆகியவற்றில் கொள்கலன் சரக்குந்துகளே பெரும்பான்மை. அவற்றின் அச்சுச் சுமையால் சாலையில் நீளவாக்கில் சக்கரத்தடப் பள்ளங்கள் உருவாகின்றன. சரக்குந்தின் சக்கரங்கள் இருபுறமும் அழுத்த, நடுவில் மேடு எஞ்சும். உயரம் குறைந்த மகிழுந்தின் அடிப்பகுதிக்கு இந்த நடுமேடு வேகத்தடையைவிட ஆபத்தானது. ஏனெனில் அது முடிவதேயில்லை.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேரவையின் 99 ஆம் எண் வழிகாட்டி ஓர் அளவைத் தருகிறது: 17 மீ. ஆரமுள்ள வில்வடிவம், 3.7 மீ. அகலம், 10 செ.மீ. உயரம். 2.39 மீ. சக்கர அடித்தொலைவு கொண்ட முதல் தலைமுறை சுவிப்ட் இதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மீதே இருக்கும். வண்டியின் நடுப்பகுதிக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளி 2.39² ÷ (8 × 17) மீ., அதாவது 42 மி.மீ. மட்டுமே குறையும். அவ்வண்டியின் தரை இடைவெளி 170 மி.மீ.; வில்லால் 30 மி.மீ. குறைத்தாலும் 98 மி.மீ. எஞ்சும். முறையாகக் கட்டப்பட்ட வேகத்தடை உயரம் குறைந்த வண்டிக்கும் தடையன்று என்பது இக்கணக்கின் முடிவு.

ஆனால் தெருக்களில் காணப்படுபவை பெரும்பாலும் அரை மீட்டர் அகலத்தில் திடீரென எழும் மேடுகள். அவை இரு அச்சுகளுக்கும் நடுவில் வரும்போது 10 செ.மீ. உயரமும் முழுதாகக் கழியும். எஞ்சுவது 40 மி.மீ. நால்வர் அமர்ந்தால் வில் அமுங்கி அதிலும் பெரும்பகுதி போய்விடும். சிறிய டயர் பொருத்தி மேலும் 18 மி.மீ. இழந்தவர் எண்ணெய்த் தொட்டியை இடிப்பது உறுதி.

பக்கச்சுவர் உயரம் இங்குதான் பொருள் பெறுகிறது. கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது 92 மி.மீ. பக்கச்சுவர் முழுதும் நசுங்கி, ரிம்முக்கும் சாலைக்கும் இடையே டயர் கிள்ளப்படும். உள்ளிழைகள் அறுந்து பக்கச்சுவரில் புடைப்பு தோன்றும். இதைப் பஞ்சர் போல ஒட்ட இயலாது. டயரை மாற்றியே ஆக வேண்டும். ரிம்மும் வளையக்கூடும். இச்சாலைகளில் அன்றாடம் ஓட்டுபவருக்கு 15 அங்குல ரிம்முடன் 185/65 டயரே தகுந்த எல்லை. 16 அங்குலம் கவனத்துடன் ஓட்டுபவருக்கு. 17 அங்குலம் தோற்றத்துக்கு மட்டுமே.

மழைக்காலம் தனிச் சிக்கல். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் வட சென்னையின் பல பகுதிகளில் நீர் தேங்கியது. உயரம் குறைந்த வண்டியில் காற்று உட்கொள்ளும் குழாயின் வாயும் அதே அளவு கீழிறங்கியிருக்கும். அதில் நீர் புகுந்தால் எஞ்சின் பழுதாகும். அகலமான டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் ஈரச்சாலையில் விரைவில் வழுக்கத் தொடங்கும். டயரின் பள்ள ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. வரை குறையலாம், அகலமான டயரை அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

வாங்கும்போது

சென்னையில் பயன்படுத்திய ரிம்களும் உதிரிப் பாகங்களும் புதுப்பேட்டையிலும், புதியவை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கிடைக்கின்றன. பயன்படுத்திய ரிம்மை பேலன்சிங் எந்திரத்தில் சுழற்றிப் பார்த்த பின்னரே பணம் தர வேண்டும். ஆணித் துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் வட்ட விட்டம், நடுத்துளையின் விட்டம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. மகிழுந்து டயர்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 15633, அதற்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இப்பிரிவைக் கண்டிப்புடன் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தயாரிப்பாளரே அதே வகை வண்டியின் உயர்வகைக்கு வழங்கும் டயர் அளவைப் பொருத்துவது பொதுவாகச் சிக்கலற்றது. சுருள்வில்லை வெட்டுவதும், உடலுக்கு வெளியே சக்கரம் துருத்தி நிற்பதும் அவ்வாறல்ல. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக்குப் பின் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம். மாற்றும் முன்பே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பதிலையும் எழுத்து மூலம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.